வயிற்றில் பிள்ளை, பக்கத்தில் கட்டி: காத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

பெங்களூரில் என் சித்தி மகளுக்கு ஒன்பதாவது வார ஸ்கேனில் இடது சூலகத்தில் 8 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. டாக்டர் கன்னடத்தில் ‘கட்டெ’ என்றார். தமிழ்க் காதுக்கு அது ஏறக்குறைய நம் ‘கட்டி’யின் சத்தம்தான். சித்திக்கு அது புற்றுநோய் என்றே கேட்டது. ஒரு டாக்டர் பிரசவம் வரை விட்டுவைக்கலாம் என்றார். இன்னொருவர் நான்காம் மாதம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் அல்லாடினோம்.

ஃபைப்ராய்டு என்றால் இந்த அல்லாட்டமே வேண்டாம். கர்ப்பப்பைத் தசையில் வளரும் அந்தக் கட்டியைப் பிள்ளை இருக்கும்போது பெரும்பாலும் தொடமாட்டார்கள், இரத்தப்போக்கு பயம். நடுமாதங்களில் வலி எடுத்தால் ஓய்வும் பாரசிட்டமாலும்தான் முதல் வைத்தியம்.

சூலகக் கட்டி வேறு கதை. காத்திருக்கச் சொல்பவர்கள் பக்கம் நியாயம் நிறைய. முதல் மூன்று மாதங்களில் தெரியும் சிறிய நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவானவை. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் அங்கிருந்துதான் சுரக்கிறது. பதினாறு வாரத்துக்குள் அவை தாமாகவே வற்றிவிடும். வலி ஏதும் இல்லாதபோது எட்டாவது வாரத்தில் கத்தியை எடுக்கும் அவசரம் எனக்குப் புரியவில்லை. நீடிக்கும் கட்டிகளிலும் நூற்றில் சிலவே புற்று. சூலகப் புற்று சந்தேகத்தில் எடுக்கும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையை நம்பி அழவும் வேண்டாம். கர்ப்பத்தில், அதிலும் தொடக்க மாதங்களில், அது இயல்பாகவே ஏறும். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் சாய மருந்து ஏற்றாத எம்ஆர்ஐ போதும்.

ஆனால் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. கட்டியின் கனத்தில் சூலகம் முறுக்கிக்கொள்ளலாம். கர்ப்பப்பை மேலெழும்பும் மாதங்களிலும், பிரசவத்துக்குப் பின் அது சுருங்கும்போதும் இந்த ஆபத்து உண்டு. திடீரென ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும் வலி, குமட்டல், வாந்தி. இரத்த ஓட்டம் நின்றால் சூலகத்தைக் காப்பாற்றச் சில மணி நேரமே அவகாசம். அவள் வீடு ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால், டாக்டர் ஜெயநகரில். மாலை ஏழு மணிக்கு, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல ஒன்றுமில்லை. எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத இந்தத் தூரத்தைத்தான் நாங்கள் முதலில் தராசில் வைத்தோம்.

எடுப்பதென்றால் பதினான்கு முதல் இருபது வாரம் வரை நல்ல காலம். குழந்தையின் உறுப்புகள் உருவாகியிருக்கும். கரு தானாகக் கலையும் வாய்ப்பு மிகுந்த வாரங்கள் கடந்திருக்கும். வயிறு இன்னும் இடத்தை அடைக்காது. வயிற்றைத் திறப்பதைவிட, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவின் அழுத்தத்தைக் குறைவாக வைத்து, கர்ப்பப்பை பெரிய சிரையை அழுத்தாதபடி உடலை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துச் செய்வார்கள். கட்டி மிகப் பெரிதாகவோ புற்று சந்தேகத்துடனோ இருந்தால் திறந்து செய்வதே மேல். மயக்க மருந்தும் குறைப்பிரசவ பயமும் இரண்டிலும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

என் கணக்கு இது: ஐந்து சென்டிமீட்டருக்கு உட்பட்ட, உள்ளே நீர் மட்டும் உள்ள கட்டியென்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கலாம். பத்தைத் தாண்டினாலோ, உள்ளே திடமான பகுதி தெரிந்தாலோ எடுப்பதுதான் சரி. நடுவில் இருப்பவர்களுக்கு, நள்ளிரவில் எத்தனை நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டரை அடைய முடியும் என்பதே முடிவு சொல்லும்.

பதினாறாவது வார ஸ்கேனிலும் அவளுடைய கட்டி அப்படியேதான் இருந்தது, டெர்மாய்டு (தோல், கொழுப்பு போன்றவை உள்ளே வளரும், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி) என்றார்கள். அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பி. அது உள்ளே உடைந்தால் கொழுப்பு கசிந்து வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் பைக்குள் போட்டு எடுத்தார்கள், சூலகம் தப்பியது. மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். கட்டிக்குள் முடி இருந்ததாமே என்று சித்தி இன்னமும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.