படம் ஓடியது, பாடல்கள் பின்தங்கின: 'தி லயன் கிங்: தி கிஃப்ட்'

2019 ஜூலை 19 அன்று, 'தி லயன் கிங்' படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே நாளில், அமெரிக்கப் பாடகி பியான்சே தொகுத்தளித்த இந்த இசைத்தொகுப்பும் வெளியானது. படம் உலகெங்கும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தொகுப்போ அமெரிக்காவின் இசைத்தொகுப்புத் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தும், அதன் முன்னணிப் பாடலான 'ஸ்பிரிட்', தனிப்பாடல்களுக்கான ஹாட் 100 பட்டியலில் 98ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

முதன்மைக் காரணம், படத்தில் ஒலிப்பது அந்த ஒரு பாடல் மட்டுமே என்பதுதான். ஹான்ஸ் சிம்மரின் பின்னணி இசையும் பழைய பாடல்களின் புதுவடிவங்களும் தனித் தொகுப்பாக முன்பே வந்துவிட்டதால், திரையில் கேட்டதைத் தேடியவர்கள் அங்கே சென்றனர். மேலும், 27 தடங்களில் ஏறத்தாழ பாதி படத்தின் வசனத் துணுக்குகள். பாட்டு மனத்தில் ஊறத் தொடங்கும்போதே படத்தின் சிங்க அரசன் முஃபாசாவின் குரல் குறுக்கிடுவது, மூன்றாம் முறை கேட்கையில் எனக்குச் சலிப்பூட்டியது.

ஆயினும் நைஜீரியப் பாடகர் பர்னா பாய் தனித்துப் பாடும் 'ஜா அரா எ' பாடலையும், பியான்சேயின் மகளான சிறுமி புளூ ஐவியின் குரலில் தொடங்கி அவள் குரலிலேயே முடியும் 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' பாடலையும் நான் மனமாரப் போற்றுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் பெயர்கள் நிறைந்த ஒரு கதைக்கு மேற்கு, தென் ஆப்பிரிக்கக் கலைஞர்களை அழைத்துவிட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கரை விட்டுவிட்டது மட்டும் ஆறாத குறை. துணுக்குகளை நீக்கிவிட்டுப் பாடல்களை மட்டும் வரிசைப்படுத்திக் கேளுங்கள்.