ஃபார் கிரை 5: தலைவருக்கு வசனம், தொண்டனுக்குத் தோட்டா

'ஃபார் கிரை 5' வீடியோ கேமின் முதல் காட்சியை மட்டும் மூன்று முறை விளையாடினேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹோப் கவுண்டி என்று ஒரு கற்பனை வட்டாரம். சின்ன தேவாலயம், உள்ளே துப்பாக்கியோடு தாடிக்காரர்கள், எதிரே சட்டையில்லாமல் ஜோசப் சீட். 'ஈடன்ஸ் கேட்' என்ற அவருடைய மதக் கூட்டத்துக்கு அவர்தான் 'ஃபாதர்'. நாம் புதிதாகச் சேர்ந்த போலீஸ். அவருக்குக் கைவிலங்கு மாட்டச் சொல்கிறார்கள். மாட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றால், எல்லோரும் அப்படியே வெளியே வந்துவிட, விளையாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது! இந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

2018-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. நான் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கருவிக்கு வாங்கினேன். ஊர் சுற்ற, மீன் பிடிக்க, முகாம்களைக் கைப்பற்ற எல்லாம் அருமை. பூமர் என்ற நாய் எதிரி எங்கே என்று காட்டிக்கொடுக்கும், அவன் துப்பாக்கியையும் கவ்விக்கொண்டு வரும்.

என் குறை ஒன்றுதான். ஜோசப், அவருடைய சகோதரர்கள் ஜான், ஜேக்கப், தங்கை என்று சொல்லப்படும் ஃபெய்த் நால்வருக்கும் பக்கம் பக்கமாக வசனம். அவர்களை நம்பி வந்தவர்களுக்கு? ஊர்க்காரர்கள் வைத்த 'பெக்கி' என்ற பட்டப்பெயர்தான். ஒரே தாடி, ஒரே அழுக்குச் சட்டை, சாலைக்குச் சாலை வந்து சாகிறார்கள். வீட்டையும் நிலத்தையும் விட்டு ஜோசப் பின்னால் ஏன் போனார்கள்? 'பிளிஸ்' என்ற போதைப்பொருள்தான் பாதிக் கேள்விக்குப் பதில். கதை எழுதியவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். போதை இல்லாமலே மனிதர்கள் இப்படிப் போகிறார்களே, அதையல்லவா காட்டியிருக்க வேண்டும்?

ஒரே ஒரு இடத்தில் தொட்டார்கள். ஃபெய்த் ஜோசப்பின் உடன்பிறந்த தங்கையே இல்லை. அவளுக்கு முன்னும் அந்தப் பெயரில் பெண்கள் இருந்திருக்கிறார்கள். தனக்குப் பதினேழு வயதில் ஜோசப் போதை கொடுத்து மிரட்டினார் என்று சண்டையின் நடுவில் கத்துகிறாள். நான் சுடுவதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் சுட்டேன்.

வசனம் செய்யாததைப் பாட்டு செய்கிறது. டான் ரோமர் இசையமைத்த அந்தக் கூட்டத்தின் பாடல்கள், பறித்த வண்டியின் ரேடியோவில் ஓடும். சேர்ந்திசை, நல்ல மெட்டு. "என்னடா, மார்ச் மாசத்துல கேரல்ஸா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டார். ரெண்டு நாள் கழித்து அவரே அதை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். ஒருவர் எப்படி உள்ளே போவார் என்பது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் கதையே ஜோசப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அது எனக்கு ஏமாற்றம்.

முழு விலைக்கு வேண்டாம். தள்ளுபடியில் வந்தால் வாங்குங்கள், நண்பரோடு சேர்ந்து ஆடினால் இன்னும் ஜாலி. ரேடியோவை மட்டும் அணைக்காதீர்கள்.