புகையில்லாத வாசனை: மழைக்காலத்தில் சிம்மர் பாட் வைத்துப் பழகிய அனுபவம்

மழைக்காலத்தில் வீடு மணக்க வேண்டும், ஆனால் புகை கூடாது என்று நினைப்பவர்களுக்கு சிம்மர் பாட் நல்ல வழி. சில வருடங்களாக ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை எங்கள் கிருஷ்ணகிரி வீட்டில் இதை வைத்து வருகிறேன். இதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

செய்முறை மிக எளிது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பழத்தோல், பட்டை, கிராம்பு, ஏதாவது வாசனை இலை போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து மெல்ல ஆவி வரவிடுவது. அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் ஆப்பிள் துண்டு, ஆரஞ்சு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் போட்டு இப்படி வைக்கிறார்கள். அங்கே அக்டோபரில் குளிர் ஏறும். நம் பக்கம் மரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். அக்டோபர் நமக்கு வடகிழக்குப் பருவமழை. துணி காயாது, பாய் தலையணையெல்லாம் ஒரு மாதிரி வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்தால் சாரல். அதனால் அவர்கள் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நம் மழைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது.

நான் இதைத் தொடங்கியதற்குக் காரணம் அத்தை. மழை பிடித்தால் அவருக்கு இளைப்பு வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் எங்கள் வீட்டில் விளக்கேற்றிப் பழக்கமில்லை. புகை ஏறியதும் அவரே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அடை மழையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "புகை இல்லாம என்னம்மா மணக்கும்?" என்று முதலில் கேட்டார். பட்டையும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த ஆவி அவருக்கு ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். வாசனை பட்டாலே மூச்சு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் முதல் தடவை கொஞ்சமாக வைத்து, கதவைத் திறந்து வைத்துப் பார்ப்பது நல்லது.

பொருட்களில் பட்டைதான் முக்கியம். மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கெட்டியான, மரப்பட்டை போன்ற பட்டையே இதற்குப் போதும். தாள் சுருட்டியது போல அடுக்கடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டை விலையும் அதிகம், வாசனையும் மென்மை. அதைத் தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு வாங்கும்போது அதன் மொட்டுப் பகுதியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்பும் சில இடங்களில் கலந்து வருகிறது. நல்ல கிராம்பு தண்ணீரில் மூழ்கும், இல்லையென்றால் நெட்டுக்குத்தாக நிற்கும். சக்கை படுத்தபடி மிதக்கும்.

எலுமிச்சை, கமலா ஆரஞ்சு, நார்த்தங்காய் எதுவாக இருந்தாலும் தோல் பச்சையாக இருக்க வேண்டும். காய வைத்தால் எண்ணெயில் பெரும்பகுதி வெயிலோடு போய்விடும். காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் என் அம்மா, முறத்தில் தோல் காய்வதைப் பார்த்துவிட்டு, "மணத்தை வெயிலுக்குக் கொடுத்துட்டு சக்கையை அடுப்புல போடுவியா?" என்றார். சரியான கேள்வி. இப்போது சாறு பிழிந்த அன்றே தோலைப் போட்டுவிடுகிறேன்.

எதை எப்போது போடுவது என்பதில்தான் பலன் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் முதல் கால் மணி நேரம் எலுமிச்சை தூக்கலாக இருக்கும், பிறகு காணாமல் போகும். தோலில் இருக்கும் லிமோனீன் என்ற வாசனை எண்ணெய் சீக்கிரம் ஆவியாகக்கூடியது, அதன் கொதிநிலை சுமார் 176 டிகிரி. பட்டையின் சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜெனாலும் 250 டிகிரியை ஒட்டியவை. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்றாலும் இந்த எண்ணெய்கள் நீராவியோடு சேர்ந்து மேலே வரும். கனமானவை மெதுவாக வரும், லேசானவை முந்திக்கொள்ளும். அதனால் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவை முதலில் போட்டு, அரை மணி நேரம் கழித்து, விருந்தினர் வரும் நேரத்துக்குச் சற்று முன்பு தோலைச் சேர்க்கிறேன். இந்த ஒரு மாற்றத்தால் வாசனை இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது என்பது என் அனுபவம்.

வெட்டிவேரை நேரடியாகப் போட்டால் பெரிதாக ஒன்றும் வராது. முந்தைய இரவே ஊற வைத்து, அந்தத் தண்ணீரோடு வைத்தால் ஈர மண் வாசம் அடியில் நிற்கும். ஐப்பசிக்கு இதைவிடப் பொருத்தமான வாசம் எனக்குத் தெரியவில்லை. பூக்கடையில் கிடைக்கும் மரிக்கொழுந்து ஒரு கொத்து, இறக்கும் முன் போட்டால் போதும். மாங்காய் இஞ்சி கிடைத்தால் இரண்டு வில்லை நறுக்கிப் போடுங்கள். மல்கோவா சீசன் முடிந்து எத்தனையோ மாதம் ஆன வீட்டில் பச்சை மாங்காய் மணக்கும்.

ரோஜாவை மட்டும் வேண்டாம் என்பேன். ஓசூரில் ரோஜா மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே இருக்கும் என் நாத்தனார் கேட்டார். பசுமைக்குடிலில் வளர்க்கும் ரோஜா பூங்கொத்துக்காக வளர்க்கப்படுவது, வாசனை குறைவு, மருந்தும் அடித்திருப்பார்கள். அதைக் கொதிக்கவைத்து அந்த ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. பன்னீர் ரோஜாகூட கொதித்தால் கீரை வேக வைத்த வாடைதான் தருகிறது. பச்சைக் கற்பூரமும் போடுவதில்லை. சின்னக் குழந்தை வாயில் போட்டால் ஆபத்து, எளிதில் தீப்பற்றும்.

ஈரப்பதம் பற்றி அதிகம் பேர் சொல்வதில்லை, ஆனால் நம் மழைக்காலத்தில் அதுதான் பெரிய விஷயம். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் உள்ள அறையில் சுமார் 40 கன மீட்டர் காற்று இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் அது தாங்கக்கூடிய நீராவி மொத்தமே ஏறக்குறைய 900 கிராம். மழை நாளில் அதில் முக்கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அந்த அறையில் கதவை மூடிக்கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கினால் அது சுவரிலும் துணியிலும்தான் போய் உட்காரும். பூசண வாடையைப் போக்க வைத்தது பூசணத்துக்கே தீனி ஆகிவிடும். 300 மில்லிக்கு மேல் நான் வைப்பதில்லை, எதிரெதிரே இரண்டு ஜன்னல் ஒரு விரல் கடை திறந்திருக்கும். சுவர் ஓதம் இருக்கிற வீட்டில் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள். வாசனை அதை மறைக்குமே தவிர நீக்காது.

பாத்திரம் அடிகனமான எவர்சில்வர். அலுமினியம் வேண்டாம், எலுமிச்சைப் புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டியில் வைத்தால் கிராம்பு வாசம் ஊறிப்போய், அப்புறம் அந்தச் சட்டியில் குழம்பு வைக்க முடியாது. உள்ளே படியும் எண்ணெய் வளையத்துக்குப் புளிச் சக்கையும் சாம்பலும் போதும்.

கேஸ் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. அடுப்புச் சூட்டில் பாதி வீணாகிறது என்று வைத்தாலும், 300 மில்லி தண்ணீர் ஆவியாக 35 கிராம் அளவு கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டரில் அது சிறு பங்கு. கவலைப்பட வேண்டியது வேறு. சிம்மில் எரியும் தீ ஜன்னல் காற்றில் அணைந்துவிடலாம். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிவு தெரிவதற்காகத்தான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். சமையலறை முழுக்கக் கிராம்பு மணக்கும்போது அந்த நாற்றம் உடனே மூக்குக்கு எட்டாமல் போகலாம். அதனால் அடுப்பு எரியும் வரை சமையலறையை விட்டு நகரக் கூடாது. வைத்துவிட்டுத் தூங்குவது, கடைக்குப் போவது கூடவே கூடாது.

அம்மா வீட்டில் இந்தக் கவலையே இல்லை. அங்கே விறகடுப்பு, பக்கத்தில் அதன் சூடு பாயும் கொடி அடுப்பு. களி கிண்டி முடித்த பிறகு கொடி அடுப்பில் தங்கும் சூட்டிலேயே பாத்திரம் மெதுவாக ஆவி விட்டுக்கொண்டிருக்கும், தனி எரிபொருள் செலவு இல்லை. கொதியும் வராது, வெறும் ஆவிதான். இதுவரை நான் பார்த்ததில் மிகச் சிறப்பாக மணந்தது அந்தப் பாத்திரம்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசனை போய்விட்டது என்று தோன்றினால் மறுபடி பட்டை போடாதீர்கள். மூக்கு பழகியிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் வரை போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்து பாருங்கள். மிச்சத் தண்ணீரை வெளியில் வைத்தால் மறுநாளே புளிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னொரு தடவை பயன்படும், அப்போது புதுத் தோல் மட்டும் சேர்த்தால் போதும். இண்டக்‌ஷனில் வைப்பவர்கள் குறைந்த அளவிலேயே வைக்கலாம். அது விட்டு விட்டுச் சூடாகும், அதனால் வாசனைக்குக் கேடில்லை, நாத்தனார் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.