ஏரிக்கரையில் 150–600 ஜூம் லென்ஸ்: மூன்று பருவத்துக்குப் பிறகு

காவேரிப்பாக்கம், சதுப்பேரி, காட்பாடிப் பக்கத்து ஏரிகள் என ஐப்பசியிலிருந்து மாசி வரை மூன்று பருவம் பறவைப் படம் எடுக்க உழைத்த லென்ஸ் இது. ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் 600 மி.மீ. என்பது முழுச்சட்டக் கேமராவின் 900-க்குச் சமம். நீர் நிரம்பிய பெரிய ஏரியில் வாத்துக்கூட்டத்துக்கு அதுவும் எட்டாது. அப்போது ஏரி கோடி போகும் இடத்துக்கு, அதாவது உபரிநீர் வழியும் இடத்துக்குப் போய்விட வேண்டும். எதிர்த்து ஏறும் மீனுக்காகக் கொக்கும் மடையானும் அங்கே காத்து நிற்கும், 300 மி.மீ. போதும். சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு அவசரப்பட வேண்டாம், தை மாதம் நீர் வற்றிச் சேறு தெரிந்தால்தான் கூட்டமாக இறங்கும்.

நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கில் இருக்கிறது. காலையில் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், ஊசிவால் வாத்தின் கழுத்து வெள்ளைக்கோடு பளிச்சென்று வரும். மாலையில் அதே இடம் எதிர்வெயில்.

ஒன்பது மணிக்கு மேல் படம் மசமசவென்று வந்தால் உடனே லென்ஸைப் பழிக்காதீர்கள். 15 மீட்டரில் ஒரு வேப்பம்பட்டையை எடுத்துப் பாருங்கள். அது கூர்மையாக இருந்தால் குற்றவாளி தண்ணீர்மேல் எழும் கானல்தான், அதற்கு எந்த அமைப்பும் மருந்தில்லை.

600-இல் லென்ஸ் துளையை எஃப்/8 வைத்தால் இறகு நன்றாகப் பிரிகிறது. ஷட்டர் வேகம் பறக்கும் கூழைக்கடாவுக்கு 1/1250 நொடி, ஆலாவுக்கு 1/2500. மேகம் மூடினால் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வரை தயங்காமல் ஏற்றலாம். வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைக்காவிட்டால் இறகு வெளிறிப்போகும். சீமைக்கருவேலக் கிளைகளுக்குள் ஃபோகஸ் முள்ளையே பிடிக்கும், ஒற்றைப்புள்ளிக்கு மாற்றுங்கள்.

பெரிய தொல்லை ஈரம். ஜூம் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. தூறலில் நனைந்த குழாயைத் துடைக்காமல் உள்ளே தள்ளினால் நீரும் கூடவே போகும், பிறகு பூஞ்சைதான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு 40–50 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வேண்டும்.

கரைமேல் முக்காலி அசௌகரியம். அதற்குப் பதில் லென்ஸைத் தாங்க, பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து வேர்க்கடலைத் தோல் நிரப்பிய பை இலேசாக இருக்கும். அரிசி நிரப்பினால், நனைந்தால் ஊறி நாறும்.

மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் ஒன்றாகக் கழுத்தை நிமிர்த்தினால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அவை மறுபடி தலையைத் தாழ்த்திய பிறகு ஷட்டரை அழுத்தலாம்.