"டிஎஸ்பி போர்டு போயிடுச்சு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

பழைய 5.1 ரிசீவரை (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் ஓட்டும் பெட்டி) புது டிவியோடு ஆப்டிக்கல் வயரில் (டிஜிட்டல் ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் வயர்) இணைத்தவர்கள் தொடர்ந்து மாட்டும் ஏமாற்று இது. முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடும், மற்றவை ஊமை. கடைக்குத் தூக்கிப் போனால், "டிஎஸ்பி போர்டு போயிடுச்சு சார், பழைய மாடல், வேற செட்லேர்ந்து எடுத்துத்தான் போடணும்" என்பார்கள். டிஎஸ்பி என்பது வரும் டிஜிட்டல் ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சிப். அப்படிப் பணம் கட்டி வாங்கி வந்த ஒரு செட்டில் மூடி ஸ்குரூவின் பெயிண்ட்கூடக் கலையவில்லை. கடையில் டிவிடி பிளேயரைச் சொருகி ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் காட்டியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்பும் அதே பிளேயரில் அது பாடியிருக்கும்! வீட்டில் டிவியோடு மாட்டியதும் பழைய கதைதான்.

ரிசீவரின் டெஸ்ட் டோனை, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கராக வரும் சோதனை இரைச்சலை, போட்டுப் பாருங்கள். டிஜிட்டல் ரிசீவர்கள் பெரும்பாலானவற்றில் அந்த இரைச்சலை உண்டாக்குவதே டிஎஸ்பிதான். ஐந்திலும் வரிசையாக வந்தால் போர்டு செத்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை; ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் வயரும்கூடச் சரி.

அடுத்து டிஸ்பிளே. படம் ஓடும்போது 'டால்பி டிஜிட்டல்' (5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) விளக்கு எரியாமல் 'பிசிஎம்' (சுருக்காத ஒலி; ஆப்டிக்கலில் இரண்டு சேனல்தான்) என்று காட்டினால், டிவி அனுப்புவதே ஸ்டீரியோ. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம்மிலிருந்து பிட்ஸ்ட்ரீம் (சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) அல்லது டால்பி டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். டிவிடி பிளேயரில் இதே செட்டிங் 'ரா' என்ற பெயரில் இருக்கலாம். டிஸ்க் மெனுவிலும் 5.1 டிராக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்பிளேவில் இரண்டுமே வரவில்லையென்றால் ரிசீவரின் இன்புட் மோடு அனலாக்கில் நிற்கிறதா, அந்த ஆப்டிக்கல் சாக்கெட் நீங்கள் அமுக்கிய இன்புட்டுக்கு அசைன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றியும் பிசிஎம்தானா? எச்டிஎம்ஐ வழியாக உள்ளே வரும் 5.1-ஐ ஆப்டிக்கலில் ஸ்டீரியோவாகச் சுருக்கியே வெளியே விடும் டிவிகள் நிறைய உண்டு. செட்டாப் பாக்ஸில் ஆப்டிக்கல் அவுட் இருந்தால் டிவியை விட்டுவிட்டு நேரே ரிசீவருக்குக் கொண்டு போங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்களில் பெரும்பாலும் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ். ஆப்டிக்கல் அதைச் சுமக்காது, டிவியோ பெட்டியோ சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். டிடிஎஸ் (டால்பி போல இன்னொரு 5.1 முறை) மட்டும் வரவில்லையென்றால் டிவியைச் சந்தேகியுங்கள்: 2018 முதல் சாம்சங் டிவிகளில் அது இல்லை.

இதே கடைகள் விற்கும் இரண்டாவது சரக்கு 'கன்வெர்ட்டர்'. சிவப்பு, வெள்ளை என இரண்டே ஆர்சிஏ அவுட் உள்ள குட்டிப் பெட்டியை 5.1 டிகோடர் என்று தலையில் கட்டுகிறார்கள். அது பெரும்பாலும் பிசிஎம் ஸ்டீரியோவுக்கு மட்டும். டால்பி கொடுத்தால் கரகரக்கும் அல்லது மௌனமாகிவிடும். எச்டிஎம்ஐ எக்ஸ்ட்ராக்டர் (எச்டிஎம்ஐ வயரிலிருந்து ஒலியை மட்டும் பிரித்துத் தரும் பெட்டி) உண்மையிலேயே உதவும், ஆனால் அதன் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை 5.1-இல் வைக்க வேண்டும். 'பாஸ்' நிலையில் விட்டால், டிவி தனக்கு ஸ்டீரியோ போதும் என்று சொல்வதைக் கேட்டு பிளேயரும் ஸ்டீரியோவே அனுப்பும். பெட்டி வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்களில் பலருக்குச் சிக்கல் இந்தச் சுவிட்சில்தான், அதைச் சொல்லாமல் விலை கூடிய இன்னொன்றை விற்கிறார்கள்.

உண்மையான பழுதும் உண்டு, மறுக்கவில்லை. கோஆக்சியலில் (டிஜிட்டல் ஒலிக்கான இன்னொரு வயர் இணைப்பு) 5.1 பாடி, வேறு வயர் போட்டும் ஆப்டிக்கலில் பாடவில்லையென்றால் அந்தச் சாக்கெட் மட்டும் போயிருக்கும். அது சின்ன பாகம், போர்டு விலை சொன்னால் கொடுக்காதீர்கள். எந்த இன்புட்டிலும் சத்தமில்லை, டெஸ்ட் டோனும் இல்லை என்றால்தான் டிஎஸ்பி பக்கம் சந்தேகம் போக வேண்டும். அப்போதும் கழற்றிய பழைய போர்டைக் கையில் வாங்கிய பிறகே பில்லுக்குப் பணம்.