ஆற்றில் உப்பு குறைய எந்தப் பாசனம்? தென்பெண்ணைக் கரைக்கு ஓர் ஒப்பீடு

தென்பெண்ணையில் ஓசூர் அருகே இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் ஊரே பேசுகிறது. அதே தண்ணீரில் கரைந்து வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பேசுவதில்லை. பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரை அங்கேயே சுத்திகரிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை, அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் ஆற்று உப்பில் வயல்களுக்கும் பங்கு உண்டு. அதைக் குறைப்பது நம் கையிலேயே இருக்கிறது.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவுதான் இ.சி. (மின்கடத்துதிறன்). இ.சி. 1 என்று பரிசோதனையில் வரும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது சுமார் 1 லட்சம் லிட்டர். அதாவது ஒரே பாய்ச்சலில் 65 கிலோ உப்பு நிலத்தில் இறங்குகிறது. பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். தேவைக்கு மேல் பாய்ச்சும் தண்ணீர் அதையும், மண்ணுக்கடியில் ஏற்கெனவே இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கே திரும்பும்.

இதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு: வாய்க்காலுக்குக் கான்கிரீட், சொட்டுநீர், நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்.

வாய்க்கால் பூச்சுக்குப் பெரிய முன்னுதாரணம் அமெரிக்காவின் கொலராடோ ஆறு. 1961-ல் அரிசோனாவின் ஒரு பாசனப் பகுதியிலிருந்து உப்பு வடிகால் நீர் கலந்ததால், கீழே மெக்சிகோ விவசாயிகளின் பயிர் பாதிக்கப்பட்டது. அது இரு நாட்டுப் பிரச்சினையாகி, 1974-ல் அமெரிக்கா உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அரிசோனாவின் யூமாவில் உப்பு நீக்கும் ஆலை ஒன்றையும் கட்டி 1992-ல் முடித்தார்கள். அது பெரும்பாலும் ஓடாமலே கிடக்கிறது. கைகொடுத்தது வயல் பக்கத்து வேலைதான். ஆற்றின் மேல்பகுதியில், கொலராடோ மாநிலத்துக் கிராண்ட் பள்ளத்தாக்கில் வாய்க்கால்களைப் பூசியும் குழாய்க்கு மாற்றியும் கசிவைக் குறைத்தார்கள்.

அங்கே அது பலித்ததற்குக் காரணம், வாய்க்காலுக்கு அடியில் இருப்பது பழைய கடலடியில் படிந்த களிப்பாறை. கசியும் தண்ணீரெல்லாம் அதிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வரும். கிருஷ்ணகிரி, தருமபுரியில் நமக்குக் கீழே இருப்பது கடினப் பாறை, அப்படிப்பட்ட உப்புப் படுகை இல்லை. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை வாய்க்காலில் கசிவது பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. வாய்க்கால் முழுவதையும் பூசிவிட்டால் அந்தக் கிணறுகளை நம்பியவர்கள் எங்கே போவார்கள்? கசிவால் தாழ்ந்த வயல் சதுப்பாகி உப்புப் பூக்கும் இடங்களில் மட்டும் பூசலாம். என் வரிசையில் இது கடைசி.

சொட்டுநீருக்கு இங்கே இடம் அதிகம். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக்கும், மாந்தோப்புக்கும் நன்றாகப் பொருந்துகிறது. வேருக்குக் கீழே இறங்கி வீணாகும் தண்ணீர் குறைவதால் ஆற்றுக்குத் திரும்பும் உப்பும் குறையும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு.

ஆனால் டிரிப் போட்டால் உப்பு மறைந்துவிடாது. நனைந்த மண்ணின் ஓரத்தில் வெள்ளையாகச் சேர்ந்து நிற்கும். லேசாக ஒரு மழை பெய்தால் அந்த உப்பு வேருக்குள் வந்துவிடும். அதனால் முதல் தூறலில் மோட்டாரை நிறுத்தாமல் சொட்டுநீரை ஓடவிடுங்கள். கடினத் தண்ணீர் என்றால் சொட்டுவானில் சுண்ணாம்பு அடைக்கும். பில்டரைக் கழுவுவதையும் அமிலம் விட்டுச் சுத்தம் செய்வதையும் தள்ளிப்போடக் கூடாது.

நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் மலிவு. துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். காவேரிப்பட்டணம் பக்கம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது இது கஷ்டம், கிணறு துணைக்கு இருந்தால் முடியும். பூக்கும் பருவத்தில் வயலைக் காயவிடக் கூடாது. வயலில் ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால் இந்த முறையே வேண்டாம், காயக்காய உப்பு வேரில் செறியும். மண் சாற்றில் இ.சி. 3-ஐத் தாண்டினாலே நெல் மகசூல் சரியத் தொடங்கும்.

ஆக, தோட்டப் பயிருக்குச் சொட்டுநீர், உப்பில்லாத நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதே என் தேர்வு. ஆனால் எதைச் செய்தாலும், மிச்சப்பட்ட தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் கூடுதலாகப் பயிரிட்டால் பலன் போய்விடும். வயலிலிருந்து உப்பு குறைவாக வந்தாலும், ஆற்றில் ஓடும் தண்ணீர் அதைவிட அதிகமாகக் குறைந்தால் கீழே சாத்தனூர் வரைக்கும் போகும் நீர் முன்பைவிடக் கரிக்கும். மானியம் தரும்போதே பாசனப் பரப்பு கூடாதபடி நிபந்தனை வைத்தால் நல்லது. வாய்க்கால் தண்ணீரையும் வடிகால் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, கோடையில் ஒரு தரம், மழைக்குப் பிறகு ஒரு தரம் இ.சி. பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு எந்த வழி என்று முடிவெடுக்கலாம்.