ஆறு வருடமாகக் கேயாஸ்: திரையில் தெரியும் கறுப்பை எவ்வளவு நம்பலாம்?

ஒட்டுசுட்டான் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். கேயாஸ் என்ற பிராக்டல் (எவ்வளவு பெருப்பித்தாலும் உள்ளே நுணுக்கம் தெரிந்துகொண்டே இருக்கும் வடிவம்) மென்பொருளை ஆறு வருடமாக ஒரே மடிக்கணினியில் பாவித்து வருகிறேன். பெயரை ஆங்கிலத்தில் எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்று எழுதுவார்கள். தேடுகிறவர்கள் அப்படித் தேடுங்கள். 1996இல் யான் ஹுபிச்காவும் தோமஸ் மார்ஷும் தொடங்கியது. இலவசம், திறந்த மூலம். ஒரு தடவை பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டால் அப்புறம் இணையம் தேவையில்லை. கரண்ட் போனாலும் பற்றரி இருக்கும்வரை ஓடும். வன்னியில் வகுப்பு நடத்துகிறவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

முதல் ஒரு வருடம் படம் பார்க்கத்தான் வைத்திருந்தேன். சுட்டியின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தை நோக்கி உள்ளே போகும். வலதை அழுத்தினால் வெளியே வரும். இடையில் நின்று நின்று போகாது. ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாகப் புதிதாய்க் கணக்கிடாமல், முந்தின சட்டகத்தில் கணக்கிட்ட நிரைகளையும் நிரல்களையும் இயன்றவரை எடுத்து மறுபடி பயன்படுத்துகிறது. அதனால்தான் 2 ஜிபி நினைவகம் உள்ள என் பழைய கணினியிலும் திணறாமல் ஓடுகிறது. வேகமாகப் போகும்போது படம் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், கையை எடுத்ததும் தெளியும். 'பி' விசை நிறத்தை மாற்றும். 'ஏ' விசையை அழுத்தினால் தானே ஓட்டிக்கொண்டு போகும். இரவிரவாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு வடிவு. ஆனாலும் ஒரு வருடம் பார்த்து எனக்குக் கணிதத்தில் புதிதாக எதுவும் விளங்கவில்லை.

கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்த பிறகுதான் விளங்கத் தொடங்கியது. விதி இவ்வளவுதான்: பூச்சியத்தில் தொடங்கு. கையில் உள்ள எண்ணை வர்க்கித்து, சி என்ற ஒரு மாறிலியைக் கூட்டு. வந்த விடையை வர்க்கித்து, மறுபடி அதே சி. இப்படியே போய்க்கொண்டிரு. சி = 1 என்றால் 0, 1, 2, 5, 26, 677 என்று பாய்ந்து போய்விடும். சி = −1 என்றால் 0, −1, 0, −1 என்று ஊஞ்சலாடும். சி = ஐ (−1இன் வர்க்கமூலம்) என்று போட்டபோதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. 0, ஐ, −1+ஐ, −ஐ, மறுபடி −1+ஐ, மறுபடி −ஐ. முதல் இரண்டு எண்களும் திரும்பி வருவதே இல்லை, மற்ற இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போவதும் இல்லை. திரையில் ஐ இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மின்னல் கீற்றுப் போன்ற ஒரு மெல்லிய கிளையின் நுனி.

எந்தெந்த சிக்கு எண் ஓடிப்போகாமல் கட்டுக்குள் நிற்கிறதோ அவற்றையெல்லாம் ஆகன் வரிப்படத்தில் (சிக்கலெண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் தளம்) கறுப்பாகக் குறித்தால் வருவது மண்டல்புரோ தொடை, அதாவது கணம். மட்டு (பூச்சியத்திலிருந்து உள்ள தூரம்) 2ஐத் தாண்டிய எண் திரும்பி வரவே வராது. இதைக் கெட்டிக்காரப் பிள்ளை அரைப் பக்கத்தில் நிறுவிவிடும். ஆகவே மென்பொருள் ஒவ்வொரு புள்ளியிலும் 2ஐத் தாண்டும்வரை எத்தனை படி என்று எண்ணுகிறது, அந்த எண்ணிக்கைக்கு ஒரு நிறம் கொடுக்கிறது. அந்த நிறமெல்லாம் எண்ணிக்கை என்று தெரிந்த பிறகு படம் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

வகுப்பில் அதிகம் பயன்பட்டது 'ஜே' விசை. அதை அழுத்திவிட்டுச் சுட்டியை நகர்த்தினால், அந்தப் புள்ளியைச் சியாக நிறுத்தி, தொடங்கும் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தால் வரும் ஜூலியா தொடை மூலையில் சின்னதாக உருமாறிக்கொண்டே வரும். சுட்டி கறுப்புக்குள் நிற்கும்வரை ஒரே துண்டு. விளிம்பைத் தாண்டியதும் தூள் தூளாகப் போய்விடும். கஸ்தோன் ஜூலியாவும் பியர் ஃபத்தூவும் முதல் உலகப்போர்க் காலத்தில், கணினி என்ற ஒன்றே இல்லாமல், இதைக் கண்டறிந்தார்கள் என்று சொன்னால் பின்வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி அந்தக் கறுப்பு விஷயம். பெரிய இதய வடிவமும் அதற்கு இடப்பக்கம் உள்ள வட்டமும் −0.75 என்ற ஒற்றைப் புள்ளியில் தொடுகின்றன என்று ஒரு நாள் படிப்பித்தேன். ஒரு பிள்ளை எழும்பி வந்து திரையைத் தொட்டுக் காட்டினாள். "சேர், இங்க பாலம் மாதிரித் தடிப்பா இருக்கே?" உண்மையில் தடிப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இரவு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கேயாஸ் தொடக்கத்தில் 170 படிவரைதான் எண்ணும். அதற்குள் தாண்டாத புள்ளி எல்லாம் அதற்குக் கறுப்புத்தான். −0.75க்கு நேர் மேலே 0.01 தூரத்தில் உள்ள புள்ளி எப்போது தாண்டுகிறது என்று எக்செல்லில் எண்ணினேன். 315ஆவது படியில். 170இல் நிறுத்தினால் அது எப்படித் தெரியும்? 'ஐ' விசையை அழுத்தி, அம்புக்குறியால் எல்லையை 500, 1000 என்று கூட்டக் கூட்ட, அந்தப் பாலம் இரண்டு பக்கமும் அரித்து மெலிந்துகொண்டே வந்தது. அடுத்த வகுப்பில் அதே பிள்ளையை அழைத்து அவள் கையாலேயே கூட்ட வைத்தேன்.

அந்த எக்செல் கணக்கை நான் அங்கே விடவில்லை. தூரம் 0.1 என்றால் 33 படி, 0.01 என்றால் 315, 0.001 என்றால் 3143. படியையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 3.3, 3.15, 3.143. பை! வட்டமே இல்லாத ஒரு கணக்கில் பை வந்து நிற்கிறது. 1991இல் டேவிட் போல் என்பவர் இதைக் கவனித்தார். 2001இல் ஆரன் கிளெபனோஃப் அதற்கு நிறுவல் கொடுத்தார். அதை வாசித்து அறிந்தது பிறகுதான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே இதை இறக்கிப் போடுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது, 170ஐ உடனே கூட்டுங்கள். பழைய கணினியில் வேகம் குறையும், விசிறி சத்தம் போடும், பரவாயில்லை. இரண்டாவது குறை ஆழம். கணினி ஓர் எண்ணுக்குக் குறிப்பிட்ட அளவு இலக்கங்கள்தான் ஒதுக்குகிறது என்பதால், அந்த அளவுக்கு உள்ளே போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஆவணி மாதம் தண்ணீர் வற்றும்போது முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரையில் நடந்தால், ஒவ்வொரு குடாவுக்குள்ளும் இன்னொரு குட்டிக் குடா இருக்கும், கடைசியில் மணல் வந்துவிடும். கேயாஸும் அப்படித்தான் ஓரிடத்தில் மணலுக்கு வந்துவிடுகிறது. மண்டல்புரோ தொடையின் விளிம்புக்கு மணலே இல்லை. அதன் பரிமாணம் 2 என்று ஷிஷிகுரா என்ற ஜப்பானியக் கணிதவியலாளர் நிறுவியிருக்கிறார். ஒரு கோடு பரப்பு அளவுக்கு முறுகிக் கிடக்கிறது. இன்னும் ஆழம் வேண்டுமென்றால் கூடுதல் இலக்கங்களோடு கணக்கிடும் மென்பொருள்கள் உண்டு. எனக்கு இது போதும். சமன்பாட்டின் மூலங்களை அண்ணளவாகத் தேடும் நியூட்டன் முறைப் படங்களும் இதிலேயே இருக்கின்றன, 6ஐ அழுத்துங்கள்.

இந்தத் தவணை வகுப்பில் கணினியைத் திறக்காமலே தொடங்கினோம். சி = 0.26. வெறும் மெய்யெண், போனில் உள்ள கல்குலேட்டர் போதும். 0.26, 0.3276, 0.3673 என்று ஏறி, 0.49, 0.50, 0.51, 0.52 என்று ஊரத் தொடங்கியது. "சேர், இது 0.5இல நின்டுடும்" என்று பாதிப் பேர் பென்சிலை வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் விடவில்லை. 25ஆவது படியில் 0.78. அப்புறம் 0.87, 1.02, 1.29, 1.93. முப்பதாவது படியில் 3.99, குளம் வான் பாய்ந்தது போல. கறுப்பு 0.25இல் முடிகிறது, 0.26 அதற்கு 0.01 வெளியே. முப்பதை அந்த 0.01இன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொன்னேன். 3. "அப்ப 0.2501 போட்டால்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். 312 படி வரும் என்று நான் சொல்லவில்லை; கொப்பியைத் திறந்துவிட்டார்கள்.